கம்பிவழித் தூது: தொடக்ககாலக் கணினித் தொடர்பு நெறிமுறைகள்

தூது என்னும் சிற்றிலக்கிய வகையை அறியாத தமிழ் மாணவர் இலர். அன்னம், மயில், கிளி, முகில், தென்றல், நெஞ்சு எனப் பலவற்றைத் தூது விடுத்த புலவர்கள், செல்லும் தூதிடம் இறுதியாக ஒன்றை வேண்டுவர்: தலைவனிடமிருந்து மாலை வாங்கி வருக என்பர். மாலை வந்தால் செய்தி சேர்ந்தது, வாராவிடில் சேரவில்லை. ஆயின், செய்தி முறையாகச் சேர்ந்து, மாலையும் கொடுக்கப்பட்டு, திரும்பும் வழியில் அம்மாலை தொலைந்துபோனால் தலைவியின் நிலை யாது? சேர்ந்த செய்தியைச் சேரவில்லை எனக் கருதி அவள் மீண்டும் தூது விடுப்பாள். தலைவனோ ஒரே செய்தியை இருமுறை கேட்பான். இவ்வினா தூது நூல்களின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கணினிகளைத் தொலைபேசிக் கம்பியால் இணைக்க முற்பட்டோர்க்கோ, இதற்கு விடை காணாமல் ஓரடியும் எடுத்துவைக்க இயலவில்லை.

இரு கணினிகள் உரையாடுவதற்கு முன்னரே தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாட்டை 'நெறிமுறை' என்கிறோம். யார் முதலில் பேசுவது, ஒரு முறைக்கு எவ்வளவு பேசுவது, கேட்டது சரியா என்று எவ்வாறு அறிவது, பிழையெனில் என் செய்வது என்பனவெல்லாம் அதில் அடங்கும். 1977 முதல் 1994 வரை உருவான சில நெறிமுறைகளையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவற்றை ஒரு தமிழ்த்துறை மலரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. தமிழெழுத்து கம்பிவழியே சிதையாமல் செல்லுமா என்பது, அந்நாளில் ஒரே ஒரு பிட்டைப் பொறுத்திருந்தது.

முதலில் கம்பியின் இயல்பைக் காண்போம். தொலைபேசி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. அதன்வழியே கணினியின் 0, 1 என்னும் இரு நிலைகளை அனுப்ப வேண்டுமாயின் அவற்றை ஒலிகளாக மாற்றியாக வேண்டும். அப்பணியைச் செய்யும் கருவியே மோடம். 1962இல் வெளிவந்த பெல் 103 என்னும் மோடத்தில், அழைப்பவரின் 0 என்பது 1070 அதிர்வுள்ள ஒலி. 1 என்பது 1270 அதிர்வுள்ள ஒலி. விடையளிப்பவருக்கு 2025, 2225 என வேறிரண்டு ஒலிகள். ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். வேகம் நொடிக்கு 300 பிட். ஓரெழுத்துக்குத் தொடக்க, முடிவுக் குறிகளையும் சேர்த்துப் பத்துப் பிட் எனக் கொண்டால், நொடிக்கு முப்பது எழுத்துகள். இடையே கம்பியில் 'கரகர' என ஒரு நொடியில் பத்திலொரு பங்கு நேரம் இரைச்சல் எழுந்தால் மூன்றெழுத்துகள் கெடும். பேசிக்கொண்டிருக்கும் மனிதர் அதைப் பொருட்படுத்தமாட்டார்; கெட்ட சொல்லைச் சூழலால் உய்த்துணர்ந்துகொள்வார். கணினிக்குச் சூழல் இல்லை. நிரலில் ஓரெழுத்துக் கெட்டாலும் நிரல் முழுவதும் கெட்டது போன்றதே.

சிகாகோ நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய வார்டு கிறிஸ்டென்சன் 1977இல் இதற்கு ஒரு வழி கண்டார். எக்ஸ்மோடம் என்று பின்னர்ப் பெயர்பெற்ற அந்நெறிமுறை, வியக்கத்தக்க எளிமையுடையது. (இவரே ராண்டி சூஸ் என்பாருடன் இணைந்து 1978 பிப்ரவரியில் தொலைபேசிவழி இயங்கும் முதற்கணினி அறிவிப்புப் பலகையையும் அமைத்தார், 2024இல் மறைந்தார்.) கோப்பினை 128 எழுத்துகள் கொண்ட கட்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டின் முன்னும் மூன்று எண்கள்: தொடக்கக் குறியான 1, கட்டின் வரிசை எண், 255இலிருந்து அவ்வரிசை எண்ணைக் கழித்த மீதி. பின்னால் ஓர் எண்: 128 எழுத்துகளின் குறியெண்களையும் கூட்டி 256ஆல் வகுத்த மீதி. ஆக மொத்தம் 132. பெறுபவர் தாமும் அவ்வாறே கூட்டிப் பார்த்து, விடை ஒத்திருந்தால் 'ஏற்றேன்' என்பதற்கு 6 என்னும் எண்ணையும், ஒவ்வாவிடில் 'ஏற்கவில்லை' என்பதற்கு 21 என்னும் எண்ணையும் அனுப்புவார். 'ஏற்கவில்லை' என்றால் அதே கட்டு மீண்டும் வரும்.

தொடங்குபவரும் பெறுபவரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவர் 21ஐ அனுப்பிவிட்டுப் பத்து நொடி காத்திருப்பார். ஒன்றும் வாராவிடில் மீண்டும் அனுப்புவார். அனுப்புபவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இனி, வழியில் தொலைந்த மாலைக்கு வருவோம். ஐந்தாம் கட்டு சரியாக வந்தது. பெறுபவர் 'ஏற்றேன்' என்றார். அவ்விடை இரைச்சலில் அழிந்தது. அனுப்புபவர் ஐந்தாம் கட்டையே மீண்டும் அனுப்புவார். பெறுபவர் வரிசை எண்ணைப் பார்ப்பார்: ஐந்து. இது முன்னரே வந்தது. ஆகவே அதனைக் கோப்பில் சேர்க்காமல் விட்டுவிட்டு, மறுபடியும் 'ஏற்றேன்' என்பார். தலைவன் இரண்டாம் முறை வந்த தூதைக் கேட்டுக் குழம்பாமல், வேறொரு மாலையை மட்டும் கொடுத்தனுப்பியதற்கு ஒப்பாகும் இது. வரிசை எண் கெட்டுவிட்டால் இச்சூழ்ச்சி முழுதும் பாழாகும். அதனாலன்றோ அவ்வெண்ணை நேராக ஒரு முறையும், 255இலிருந்து கழித்து ஒரு முறையும் அனுப்புகின்றனர்! இரண்டையும் கூட்டினால் 255 வருதல் வேண்டும்.

ஆயினும் கூட்டுத்தொகைச் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. அதனைத் தமிழெழுத்தைக் கொண்டே விளக்கலாம். 1990களின் பிற்பகுதியில் இணையத் தமிழ் ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய 'திஸ்கி' என்னும் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அதன்படி 'மடம்' என்னும் சொல்லின் எண்கள் 193, 188, 245, கூட்டுத்தொகை 626. இரைச்சலால் முதலெழுத்தில் ஒரு பிட்டும் இரண்டாம் எழுத்தில் ஒரு பிட்டும் மாறி, 193 என்பது 192 ஆகவும் 188 என்பது 189 ஆகவும் ஆயின எனக் கொள்க. 192 'ப', 189 'ண'. கூட்டுத்தொகை அதே 626. அனுப்பியது மடம், சேர்ந்தது பணம். பெறும் கணினியோ ஐயமின்றி 'ஏற்றேன்' என்கிறது! வணிகரின் பேரேட்டில் ஒருவர் கணக்கில் ஒரு ரூபாய் கூடி இன்னொருவர் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால், அடித்தொகை மாறாதிருப்பது போன்றதே இது. இக்குறையைப் போக்கவே, எளிய கூட்டலை விடுத்து, செய்தி முழுவதையும் ஒரு பேரெண்ணாகக் கருதி வகுத்து மீதி காணும் சுழல்மிகைச் சோதனை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. பதினாறு பிட் கொண்ட அம்மீதி, மேற்கூறியது போன்ற இரண்டு பிட் பிழைகள் அனைத்தையும் கண்டுகொள்ளும்.

எக்ஸ்மோடத்திற்கு மற்றொரு குறையும் இருந்தது. அதுவே நமக்கு இன்றியமையாதது. எட்டுப் பிட்டும் மாறாமல் கடந்து செல்லும் கம்பியை அது எதிர்பார்த்தது. அந்நாளைய பெருங்கணினிகள் பலவும் அத்தகைய வழியைத் தரவில்லை.

ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள், கட்டுப்பாட்டுக் குறிகள் யாவும் 128 இடங்களுக்குள் அடங்கிவிடும். அதற்கு ஏழு பிட் போதும். எட்டாவது பிட்டை, முன்சென்ற ஏழும் சரியா எனச் சோதிக்கும் காவலாளாகப் பலர் வைத்துக்கொண்டனர். ஏழு பிட்டில் உள்ள 1களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் வகையில் எட்டாவதை 0 அல்லது 1 ஆக்குவர். பெறுமிடத்தில் அதைச் சோதித்தபின் நீக்கிவிடுவர். ஆங்கிலத்துக்கு இதனால் இழப்பேதும் இல்லை. 128க்கு மேற்பட்ட இடங்களில் தம் எழுத்தை வைத்த மொழிகளுக்கோ இது தலைவெட்டு. திஸ்கி முறையில் 'தமிழ்' என்பது நான்கு எண்கள்: 190, 193, 162, 250. எட்டாவது பிட்டை நீக்கினால் ஒவ்வொன்றிலும் 128 குறையும்: 62, 65, 34, 122. திரையில் தோன்றுவன யாவை? 'பெரிது' என்னும் கணக்குக் குறி ஒன்று, ஆங்கிலத்தின் முதற்பேரெழுத்து, மேற்கோள் குறி, ஆங்கிலத்தின் கடைசிச் சிற்றெழுத்து. கம்பி அறுபடவில்லை, இரைச்சலும் இல்லை, ஒரெழுத்தும் தொலையவில்லை. ஆனால் தமிழ் இல்லை. எந்த வழியில் எத்தனை பிட் செல்லும் என்பது பொறியாளர்களின் சிறு முடிவு போலத் தோன்றினாலும், எந்த மொழி செல்லும் என்பதையும் அதுவே முடிவு செய்தது எனலாம்.

எக்ஸ்மோடமும் அத்தகைய வழியில் முதற்கட்டையே தாண்டாது. முதற்கட்டின் எண் 1. அதன் மறுதலை 254. எட்டாவது பிட் போனால் 254 என்பது 126 ஆகிவிடும். இரண்டையும் கூட்டினால் 255 வாராது. எட்டுப் பிட்டும் செல்லும் வழியிலேயே, 17, 19 ஆகிய எண்களைத் 'தொடர்க', 'நிறுத்துக' என்னும் கட்டளைகளாகக் கொண்டு விழுங்கிவிடும் இடைக்கருவி இருந்துவிட்டால், பதினாறு கட்டுகள் நன்றாகச் சென்று பதினேழாவதில் சிக்கிக்கொள்ளும். காரணம் தெரியாதவர்க்கு இது பேய்பிடித்த செயலாகவே தோன்றியிருக்கும்.

நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகக் கணினி மையத்தார்க்கு இச்சிக்கல் 1981இல் நேர்முகமாக வந்தது. மாணவர் பலர், பெருங்கணினியின் வட்டில் அவர்க்கு ஒதுக்கிய இடமோ சிறிது. தத்தம் கோப்புகளை மாணவர்கள் நெகிழ்வட்டில் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டுமாயின், பெருங்கணினிக்கும் சிறுகணினிக்கும் இடையே ஒரு நெறிமுறை வேண்டும். பிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் ஆகியோர் வடித்த அந்நெறிமுறைக்குத் தொலைக்காட்சிப் பொம்மலாட்டத் தவளை ஒன்றின் பெயரால் 'கெர்மிட்' என்று பெயரிட்டனர். பெயர் விளையாட்டு, பொருள் விளையாட்டன்று. 1987இல் வெளிவந்த டா குரூஸின் நூலுக்குக் கணினியியல் பேரறிஞர் டொனால்டு நூத் முன்னுரை எழுதியுள்ளார்.

கம்பியைத் திருத்த இயலாதாயின் செய்தியைத் திருத்துக என்பதே கெர்மிட்டின் கொள்கை. வழியிலுள்ள எந்தக் கணினியும் தடுக்காத, அச்சிடத்தக்க எழுத்துகளாகவே அனைத்தையும் அது மாற்றிவிடும். கட்டின் நீளம், வரிசை எண் ஆகியவற்றையும் 32ஐக் கூட்டி எழுத்தாகவே அனுப்பும். அச்சிடத்தக்க கடைசி எழுத்தின் எண் 126. அதில் 32 போக 94. ஆகவேதான் கெர்மிட்டின் இயல்பான கட்டுக்கு 94 என்னும் எல்லை ஏற்பட்டது. எட்டாவது பிட் உள்ள எழுத்து வந்தால், ஆங்கிலத்தில் 'உம்' எனப் பொருள்படும் இணைப்புக் குறியை முன்னொட்டாக வைத்து, பின் ஏழு பிட் எழுத்தை அனுப்பும். பெறும் கெர்மிட் அம்முன்னொட்டைக் கண்டதும் அடுத்த எழுத்துக்கு எட்டாவது பிட்டைச் சேர்த்துக்கொள்ளும். மேலே கண்ட நான்கு எண்களும் எட்டு எழுத்துகளாகச் செல்லும். மறுமுனையில் 'தமிழ்' என்றே எழும். நேரம் இரட்டிப்பாயிற்று, உண்மை. பொருள் பிழைத்தது.

இரு கெர்மிட்டுகளும் தொடக்கத்திலேயே ஒன்றையொன்று வினவிக்கொள்ளும் முறையும் போற்றத்தக்கது. என்னால் இவ்வளவு நீளக் கட்டுகளைப் பெற முடியும், எனக்கு முன்னொட்டு வேண்டும், இன்ன சோதனை எனக்குத் தெரியும் என ஒருவர் கூற, மற்றவர் தம் நிலையைக் கூறுவார். இருவர்க்கும் பொதுவாக இயன்றதையே இருவரும் கைக்கொள்வர். புதிய கணினி பழைய கணினியைப் பார்த்து 'உனக்குத் தெரியாது' என விலகிச் செல்வதில்லை. இதனாலேயே பல்வேறு வகைக் கணினிகளுக்கு அது பரவியது. கொலம்பியா பல்கலைக்கழகம் 2011இல் அத்திட்டத்தை முடித்துக்கொண்டபோது, மென்பொருளின் மூலநிரலை அனைவர்க்கும் திறந்துவிட்டது.

மோடங்களின் வேகம் கூடியபோது வேறொரு துன்பம் தலைகாட்டியது. நொடிக்கு 9600 பிட் செல்லும் வழியில் எக்ஸ்மோடத்தின் 132 எழுத்துகளை அனுப்ப 0.14 நொடி போதும். அவ்வழி செயற்கைக்கோள் வாயிலாகச் சென்றால், போகக் கால் நொடி, 'ஏற்றேன்' என்னும் விடை திரும்பக் கால் நொடி. 0.14 நொடி உழைப்பு. அரை நொடி காத்திருப்பு! ஐந்தில் நான்கு பங்கு நேரம் கம்பி வாளாகிடக்கும், கட்டணமோ வாளாகிடவாது. 1986இல் சக் ஃபோர்ஸ்பெர்க் என்பவர், டெலிநெட் என்னும் தரவு வலையமைப்பு நிறுவனத்தின் நல்கையால் இசட்மோடம் என்னும் நெறிமுறையை அமைத்தார். ஒவ்வொரு கட்டுக்கும் விடை எதிர்பாராமல் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும்; பிழை நேர்ந்தால் மட்டும் பெறுபவர் 'இன்ன இடத்திலிருந்து மீண்டும்' என்பார். அவ்விடம் கட்டின் எண்ணால் குறிக்கப்படுவதில்லை. கோப்பின் இத்தனையாவது எழுத்து எனக் குறிக்கப்படும். இதில் விளைந்த பயன் பெரிது. இணைப்பே அறுந்து, மறுநாள் அழைத்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதன் அருமை பட்டவர்க்கே தெரியும். 1997இல் ஒரு நள்ளிரவில், இக்கட்டுரையாளன் ஒரு கோப்பினை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இறக்கி, முடிவுக்கு அணித்தாக வந்த வேளையில், வீட்டின் மற்றோர் அறையில் யாரோ தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டனர். பழைய நெறிமுறையாயின் அவ்வொன்றரை மணி நேரமும் வீண். அன்று வீணானது மூன்று நிமிடமும் ஒரு சிறு மனத்தாங்கலுமே.

இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் இடம்பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. மாணவர்க்குக் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது எழுத்துமுனையக் கணக்கே. அதில் படம் இல்லை. கறுந்திரையில் எழுத்து மட்டுமே. உண்மையில் இணையத்தில் இருந்தது நிறுவனத்தின் கணினி. நம் கணினி அதன் நெடுந்தொலைவு விசைப்பலகையாகவும் திரையாகவும் மட்டுமே இருந்தது. இணையத்திலிருந்து ஒரு கோப்பு வேண்டுமாயின் முதலில் அது அக்கணினிக்கு வரவேண்டும். பின்னர் இசட்மோடமோ கெர்மிட்டோ அதனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு தூதுக்கு இரு பயணம்.

வீட்டுக் கணினி தானே இணையத்தின் உறுப்பாக வேண்டுமாயின், இணையத்தின் செய்திப் பொதிகளைத் தொலைபேசிக் கம்பியில் ஏற்றும் நெறிமுறை தேவை. அவற்றுள் முந்தியது 'சிலிப்'. 1988இல் ஜான் ராம்கி அதனை ஆவணப்படுத்தியபோது, தலைப்பிலேயே இது 'தரமல்லாதது' என்று வெளிப்படையாகக் குறித்தார். அவ்வளவு எளியது. பொதியின் இறுதியில் 192 என்னும் எண்ணை வைத்தால் முடிந்தது. செய்தியின் உள்ளேயே 192 வந்துவிட்டால்? அதற்கு மாற்றாக 219, 220 என இரண்டு எண்களை அனுப்ப வேண்டும். திஸ்கி முறையில் 192 எந்த எழுத்து என்பதை முன்னரே கண்டோம்: 'ப'. சிலிப் வழியே சென்ற ஒவ்வொரு பகரமும், 'இங்கே செய்தி முடிந்தது' எனத் தவறாகக் கொள்ளப்படாதிருக்க, வேடமிட்டே சென்றது! செய்தியும் செய்தியைப் பற்றிய கட்டளையும் ஒரே கம்பியில் செல்லும்வரை இத்தொல்லை நீங்காது. 1981இல் வந்த ஹேய்ஸ் மோடத்திலும் இதே சிக்கல் எழுந்தது. உரையாடலை நிறுத்திக் கட்டளை கேள் என்பதற்குக் கூட்டல் குறி மூன்று. ஆனால் அக்குறிகளுக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம் இருந்தால்தான் அது கட்டளை, இன்றேல் வெறும் செய்தி. மௌனத்தையே ஓர் எழுத்தாக்கிய அவ்வமைப்பு நுட்பமானது.

சிலிப்பில் பிழைச் சோதனை இல்லை. கடவுச்சொல் கேட்கும் முறையும் இல்லை. 1989இல் வரைவாகி 1994இல் நிலைபெற்ற 'பிபிபி' என்னும் இருமுனை நெறிமுறை இவற்றையெல்லாம் சேர்த்தது. அதிலும் கெர்மிட்டைப் போன்ற தொடக்க உடன்பாடு உண்டு. கடவுச்சொல்லைக் கம்பியில் அனுப்பாமலே சோதிக்கும் முறையும் அதில் அமைந்தது: விடையளிக்கும் கணினி ஓர் எண்ணைக் கொடுக்கும், அழைப்பவர் தம் கடவுச்சொல்லோடு அதனைக் கலந்து கணக்கிட்டு விடையை மட்டும் கூறுவார். ஒட்டுக்கேட்பவர்க்கு அந்த விடை மறுமுறை பயன்படாது, ஏனெனில் அடுத்த முறை வேறோர் எண் கேட்கப்படும். அழைப்புவழி இணையம் வழக்கொழிந்த பின்னும், அகலப்பட்டை இணைப்புகளுக்குள் பிபிபி நெடுங்காலம் தொடர்ந்து ஊழியம் புரிந்துவருகிறது.

எட்டாவது பிட்டின் கதை மின்னஞ்சலில் இன்னும் நீண்டது. 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறை ஏழு பிட்டையே உறுதியளித்தது. 1992இல் வந்த 'மைம்' என்னும் வரையறை, கெர்மிட் செய்ததைப் போலவே, கம்பியை விடுத்துச் செய்தியை மாற்றும் வழியை மேற்கொண்டது: மூன்று எண்களை நான்கு அச்செழுத்துகளாக்கி அனுப்புதல். எட்டுப் பிட்டையும் ஏற்கும் அஞ்சல் வழிக்கு 1993இல் விதி வகுக்கப்பட்ட பின்னும் அம்முறை மறையவில்லை. இன்று தமிழ் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு வந்துவிட்டது. இணையத்தில் பெருவழக்கான ஒருங்குறி வடிவில் 'தமிழ்' என்னும் சொல் பதினைந்து எண்கள். பதினைந்தும் 128க்கு மேற்பட்டவை. நண்பர்க்கு அச்சொல்லை மட்டும் எழுதி ஓர் அஞ்சல் விடுத்துப் பின் அவ்வஞ்சலின் மூலவடிவத்தைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் அங்கே தமிழ் தென்படாது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் கலந்த ஒரு வரி இருக்கும்.